வெளிக்கள வீரரின் முன் அளவு

இதில் நான் சரிபார்த்த செய்திகளை மட்டுமே எழுதுகிறேன். என் கணவரின் தலையில் அடிபட்ட பிறகு, அவர் முன்பு எப்படி இருந்தார் என்று மருத்துவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு அவருடைய தாயார் ஒன்று சொன்னார். அணியினர் வேறொன்று சொன்னார்கள். அவரே இன்னொன்று சொன்னார். நான் சொல்ல வாய் திறந்தபோது, நடந்திருக்கவேண்டும் என்று நான் விரும்பியதெல்லாம் நடந்ததுபோலவே நாவில் வந்து நின்றது. அன்று பிடித்த அச்சம் இன்னும் விட்டபாடில்லை. ஆகவே நானே கண்டதைக் கண்டேன் என்றும், கேட்டறிந்ததைக் கேட்டேன் என்றும் எழுதுவேன். ஒருவர் மட்டும் சொல்லி, வேறெவரும் உறுதி செய்யாத செய்தியை விட்டுவிடுவேன். விடமுடியாத இடத்தில் அதை உறுதியற்றது என்றே குறிப்பேன். பெயர்கள் எதையும் சொல்லவில்லை.

என் கணவர் பேஸ்பால் ஆட்டக்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெற்றோருக்கு ஜெர்மனியில் பிறந்தவர். தந்தை காலமாகிவிட்டார், தாயார் ஹம் நகரில் இருக்கிறார். நான் தமிழ்நாட்டில் தமிழ் இலக்கியம் படித்து, மொழியியல் ஆய்வுக்காக ஆஹென் வந்து, பின்பு வேலை கிடைத்துக் கார்ல்ஸ்ரூஹேயில் தங்கியவள். அவரை முதன்முதலில் கண்டது ஹம் நகரை அடுத்த ஊன்ட்றொப் கோயிலின் தேர்த் திருவிழாவில். ஆஹென் மாணவர்கள் நாங்கள் சிலர் சேர்ந்து போயிருந்தோம். வெயில் கடுமையாக இருந்தது. தண்ணீர்ப் பந்தலில் நின்ற ஒருவர், நெருங்க முடியாதவர்களுக்குக் கூட்டத்தின் தலைக்கு மேலாகத் தண்ணீர்ப் போத்தல்களை எறிந்துகொண்டிருந்தார். என் தோழிக்கு எதையும் பிடித்துப் பழக்கமில்லை. இருந்தும் அவள் உயர்த்திய கைக்குள் போத்தல் தானாக வந்து அமர்ந்தது. அவள் வியந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிடிச்சாச்சுத்தானே அக்கா, இனிக் குடியுங்கோ. போத்தலை வெயிலுக்குக் காட்டவோ எறிஞ்சனான்?" என்று அவர் அங்கிருந்தே கேட்டார்.

அவரை மணந்த பிறகுதான் அந்த ஆட்டத்தை நான் ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினேன். அதில் அடிப்பவர் திடலின் ஒரு மூலையில் நிற்பார். அவரைச் சுற்றி உட்களத்தில் நால்வர் நிற்பார்கள். அவர்களுக்கும் வெகு பின்னால், புல்வெளி முடியும் வேலியை ஒட்டிய பரப்பில், மூவர் விலகி விலகி நிற்பார்கள். அவர்களே வெளிக்கள வீரர்கள். என் கணவர் மூவரில் நடுவில் நிற்பவர். நம் கிரிக்கெட்டில் எல்லையோரம் நிற்பவருக்குப் பின்னால் இருப்பது ஒரு கயிறு. அதை மிதித்தால் ஓட்டங்கள் போகும், உடம்புக்கு ஒன்றும் ஆகாது. இங்கே அந்தக் கயிறு இருக்கவேண்டிய இடத்தில் வேலி எழுந்து நிற்கிறது. மேலே பறக்கும் பந்தைப் பார்த்தபடி பின்புறமாக ஓடுகிறவர் கண்ணுக்கு அது தெரியாது. அதற்காகவே வேலிக்கு முன்னால் புல்லை நீக்கிச் சரளை பரப்பியிருப்பார்கள். காலடியில் மென்மை போய்க் கரகரப்பு வந்ததும், பந்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே, வேலி வந்துவிட்டதென்று வீரர் அறிந்துகொள்ளலாம். அறிந்த பிறகு வேகத்தைக் குறைப்பதா வேண்டாமா என்பது அவரவர் பாடு.

இதை அவர் விளக்கியபோது, அந்த வேலி எவ்வளவு கெட்டியானது என்று கேட்டேன்.

"கால் சொல்லும். நீர் ஏன் பயப்பிடுறீர்?" என்றார்.

"கால் சொல்லி நீங்க கேக்கலைன்னா?"

"அப்ப வேலி சொல்லும்."

அவர் இந்த ஆட்டத்துக்கு வந்த விதம்பற்றி அவருடைய தாயார், என் மாமி, ஒரு கதை சொல்வார்; அயல்வீட்டுச் சன்னல் ஒன்று உடைந்ததில் தொடங்கும் கதை. கணவர் அதை முற்றாக மறுக்கிறார். ஆகவே விட்டுவிடுகிறேன். இருவரும் ஒப்புக்கொள்வது இது: பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர், இந்தச் சிறுவன் எறியும் பந்து நேராகப் போகிறதென்று கண்டு, பக்கத்து ஊர்க் கழகத்துக்கு அழைத்துப்போனார். படிப்பு முடிந்த ஆண்டிலேயே அமெரிக்க அணி ஒன்றின் கடைநிலைக் கழகத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கே இரண்டு கோடைகள் ஆடினார். ஆட்டத்தைவிடப் பேருந்தில் கழிந்த நேரமே அதிகம் என்பார். மூன்றாவது கோடைக்கு முன் அவரை அனுப்பிவிட்டார்கள். காலை உணவு நேரத்தில் பயிற்சியாளர் ஒருவர் வந்து தோளைத் தொட்டாராம்; அந்த நேரத்தில் தோளைத் தொட்டால் பெட்டியைக் கட்டவேண்டும் என்பது அங்கே எல்லோரும் அறிந்ததாம். அவரோடு அதே காலையில் அனுப்பப்பட்ட இன்னொருவர் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தபோது, கேளாமலே இதைச் சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

திரும்பி வந்து ஜெர்மனியின் முதல்நிலைப் போட்டியில் ஆடும் ஓர் அணியில் சேர்ந்தார். இந்நாட்டில் இந்த ஆட்டத்தை மட்டும் நம்பிப் பிழைப்பவர்கள் மிகச் சிலர். அவர் அந்தச் சிலரில் ஒருவர். சனி ஞாயிறுகளில் ஆட்டம். வாரநாள்களில் கழகத்துச் சிறுவர்களுக்குப் பயிற்சி. ஒப்பந்தம் ஆண்டுக்கு ஓர் ஆண்டு. இலையுதிர்காலத்தில்தான் அடுத்த ஆண்டுக்கான பேச்சு நடக்கும். முப்பதைத் தாண்டிய வெளிக்கள வீரருக்கு அந்தப் பேச்சு எளிதாக இருப்பதில்லை. கால் மெதுவாகிறதா என்றே எல்லோரும் பார்ப்பார்கள்.

அடிபட்ட அன்று நான் பார்வையாளர் இருக்கையில் இருந்தேன். சனிக்கிழமை, இரண்டு ஆட்டங்களில் இரண்டாவது. பக்கத்தில் மாமி. ஹம்மிலிருந்து ரயிலில் ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ் என்ற பலகாரத்தைப் பொரித்துக் கொண்டுவந்திருந்தார். ஆட்டத்தின் விதிகளை அவர் அறிந்துகொள்ள முயன்றதே இல்லை.

"பிள்ளை, அவன் எவ்வளவு நேரமா அங்க சும்மா நிக்கிறான். இதுக்கோ சம்பளம் குடுக்கினம்?" என்று கேட்டார்.

"பந்து அந்தப் பக்கம் வந்தாதான் மாமி அவருக்கு வேலை."

"அப்ப வராமலே இருக்கட்டும். நிண்டே சம்பளம் எடுக்கட்டும்."

அவர் சொல்லி வாய்மூடிச் சிறிது நேரத்தில் பந்து அந்தப் பக்கம் போனது. மட்டையில் பட்ட ஒலியிலேயே என் கணவர் திரும்பி ஓடத் தொடங்கிவிட்டார். ஓட்டம் எடுக்கச் சுற்றிவரவேண்டிய நான்கு தளங்களில் இரண்டாவதில் எதிரணியின் ஓட்டக்காரர் ஒருவர் நின்றிருந்தார். பந்து பிடிபட்டால், பிடிபட்ட நொடிக்குப் பின் அவர் அடுத்த தளத்துக்கு ஓடலாம். என் கணவர் புல்லைக் கடந்து சரளைக்குள் போனதைக் கண்டேன். வேகத்தைக் குறைக்கவில்லை. கையை நீட்டிப் பந்தைப் பிடித்தார். அதே கணத்தில் அவர் தலையின் ஒரு பக்கம் வேலியின் தூணில் பட்டது. தொப்பி தனியே விழுந்தது. அவர் விழுந்து, உடனே எழுந்தார். பந்து கையுறைக்குள் இருந்தது. நடுவர் கையை உயர்த்தினார். மக்கள் எழுந்து கைதட்டினார்கள். மாமியும் தட்டினார்.

நான் தட்டவில்லை. ஏனெனில் அவர் எறியவில்லை. ஓட்டக்காரர் ஓடிக்கொண்டிருந்தார், சக வீரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள், அவரோ கையுறையிலிருந்து பந்தை எடுத்து, யாரோ சற்று வைத்திருக்கும்படி கொடுத்துவிட்டுப் போன பொருளைப்போல அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இடப்பக்க வீரர் ஓடிவந்து அவர் கையிலிருந்து பந்தைப் பறித்து எறிவதற்குள் ஓட்டக்காரர் சுற்றை முடித்துவிட்டார். கழகத்தின் ஒளிப்பதிவிலும் இது இவ்வாறே இருக்கிறது. நான் பிறகு பார்த்து ஒப்பிட்டுக்கொண்டேன்.

அவரை வெளியே அழைத்துவந்து இருக்கையில் அமர்த்தினார்கள். நான் கீழே ஓடினேன். பயிற்சியாளர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். எந்த ஊர், எந்தக் கிழமை என்பவற்றுக்குச் சரியாகச் சொன்னார். இன்று எதிரணி எது என்று கேட்டதற்கும் சரியாகவே சொன்னார். ஆனால் சொல்வதற்கு முன் அவர் கண்கள் திடலின் மறுபக்கம் போய், அங்கே நின்றவர்களின் சட்டையில் எழுதியிருந்ததை வாசித்துவிட்டுத் திரும்பின. பயிற்சியாளர் அதைக் கவனித்தாரா என்று தெரியாது. நான் கண்டேன்.

மருத்துவமனையில் எடுத்த படத்தில் கசிவோ முறிவோ இல்லை. இது மூளை அதிர்ச்சி என்றும், ஓய்வே மருந்து என்றும் சொன்னார்கள். அணியின் மருத்துவர் ஒரு பெண், பொறுமையானவர். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: முதல் அதிர்ச்சி ஆறுமுன் இன்னொரு அடி பட்டால், அது சிறிய அடியாக இருந்தாலும், விளைவு பெரிதாக இருக்கலாம். எவ்வளவு பெரிது என்று கேட்டேன். அவர் சொன்னதை இங்கே திருப்பி எழுத எனக்கு மனமில்லை.

ஆறிவிட்டதென்று எப்படி அறிவது? அதற்கு அவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. ஆட்டப் பருவம் தொடங்குமுன், நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே, ஒவ்வொரு வீரரையும் கணினித் திரையின் முன் அமர்த்திச் சோதிப்பார்கள். சொற்களைக் காட்டி மறைத்து நினைவிலிருந்து சொல்லச் சொல்வார்கள். வடிவம் மாறியவுடன் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அந்த முடிவே அவருடைய முன் அளவு. அடிபட்டால் அதே சோதனையை மறுபடி வைப்பார்கள். பழைய அளவை எட்டிவிட்டால் திடலுக்கு அனுப்புவார்கள், எட்டாவிட்டால் அனுப்பமாட்டார்கள்.

அந்த நாள்களில் வீட்டில் சிலவற்றைக் கண்டேன். துவைக்கும் இயந்திரத்தின் முன் நின்று, எந்தப் பொத்தான் என்று என்னைக் கேட்டார். அதை வாங்கிவந்து பொருத்தியவரே அவர்தான். காலையில் கேட்டதை, தேநீர் ஆறுவதற்குள் மறுபடி கேட்டார். ஒருமுறை வாசலில் காலணியைக் கையில் வைத்துக்கொண்டு, போகவேண்டுமா வந்துவிட்டோமா என்பதுபோல நின்றார். நான் ஒவ்வொன்றையும் கண்டு, கண்டதைக் காட்டிக்கொள்ளாமல், அடுத்ததற்காக அஞ்சிக் காத்திருந்தேன். 

மறுசோதனையின் முடிவு வந்த அன்று அவர் சிரித்த முகத்தோடு வந்தார். முன் அளவை எட்டிவிட்டார். சற்றுத் தாண்டியும் இருந்தார். இறுதி ஒப்புதலுக்காக மருத்துவரை ஒருமுறை பார்த்துவிட்டால், வரும் சனிக்கிழமை ஆடலாம். அவருடைய இடத்தில் அதுவரை ஓர் இளைஞர் ஆடிக்கொண்டிருந்தார், நன்றாகவும் ஆடினார். அந்த இளைஞரின் பெயரை என் கணவர் வீட்டில் உச்சரித்ததில்லை.

"நார்மல்னு வந்துருச்சா? நிஜமாவா?" என்று கேட்டேன். என் கண்கள் கலங்கிவிட்டன.

"ஓம் எண்டுறன். வெள்ளிக்கிழமை டொக்டரிட்டை டெர்மின். அவ கையெழுத்து வைச்சா முடிஞ்சுது." தேநீரை எடுத்துக்கொண்டு அமர்ந்தார். "வராமல் எப்பிடி இருக்கும்? நான் மாசியிலயே எல்லாம் பாத்துத்தானே செய்து வைச்சனான்."

"என்ன செஞ்சு வச்சீங்க?"

அவர் மிக இயல்பாகச் சொன்னார். முன் அளவு எடுக்கும்போது வேண்டுமென்றே தாமதமாகப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். நினைவிலிருந்த சொற்களில் சிலவற்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். முன் அளவு தாழ்ந்திருந்தால், பிறகு அடிபட்டாலும் அதை எட்டுவது எளிது. இது அமெரிக்காவில், பேருந்தின் பின்னிருக்கையில், மூத்த வீரர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதாம்.

"எல்லாரும் உப்பிடித்தான் செய்யிறவங்கள். இதொண்டும் களவில்லை."

"அப்போ இப்ப வந்திருக்கிறது?"

"இப்ப உண்மையாத்தான் செய்தனான். முழுசா, கஷ்டப்பட்டு."

சொல்லிக்கொண்டே வந்தவரின் முகத்தில், தாம் சொன்னது என்னவென்று தமக்கே புலப்படும் மாற்றத்தைக் கண்டேன். தம் வலுவையெல்லாம் திரட்டி அமர்ந்தும், வேண்டுமென்று தவறவிட்ட நாளைவிடச் சற்றே மேலான இடத்துக்குத்தான் அவரால் போக முடிந்திருக்கிறது. தேநீரை வைத்துவிட்டு எழுந்தார்.

"நீர் டொக்டரிட்டை ஒண்டும் சொல்லவேண்டாம்" என்றார். பிறகு குளியலறைக்குள் போய் நெடுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்.

மறுநாள் மாமிக்குத் தொலைபேசினேன். அவர் சிறுவயதில் எப்படி என்று சுற்றிவளைத்துக் கேட்டேன்.

"அவன் சின்னனிலயே மறதிக்காரன் பிள்ளை. சப்பாத்துப் போடாமல் காலுறையோட பள்ளிக்கூடம் போனவன். சொன்னா நம்பமாட்டியள்."

"கேட்டதையே திரும்பக் கேப்பாரா மாமி?"

"கேப்பான், கேப்பான். அவன்ர தேப்பனும் அப்பிடித்தான். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. அவனை விளையாட விடுங்கோ. பந்தில்லாட்டி அவன் என்ன செய்வான்?"

விடையில் எனக்கு ஆறுதல் இருந்தது; ஆனால் அது நான் கேட்ட ஒவ்வொன்றுக்கும் தயங்காமல் ஆமென்று சொன்ன விடை. சோதித்துப் பார்ப்பதற்காக, சிறுவயதில் பெயர்களை மறப்பாரா, வழியை மறப்பாரா, நாளை மறப்பாரா என்று அடுக்கினேன். எல்லாவற்றையும் மறப்பான் என்றார். அப்படி ஒரு பிள்ளை எப்படிப் பள்ளிப் படிப்பை முடித்தான் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

வியாழக்கிழமை மாலை, ஆட்டத்துக்கு முந்திய பயிற்சி. இடிபடாத வகையில் பந்து பிடித்துப் பார்க்கமட்டும் மருத்துவர் இசைந்திருந்தார். நான் வேலையிலிருந்து நேராகத் திடலுக்குப் போனேன். காலை முதல் வானம் மூடிக்கிடந்தது. தூறல் விழுமென்று குடை கொண்டுபோயிருந்தேன். பயிற்சியாளர் மட்டையால் பந்துகளை உயரே அடித்தார். என் கணவர் நடுவெளியில் நின்று பிடித்தார். ஒன்றன்பின் ஒன்றாக அவை வந்து கையுறைக்குள் விழுந்தன. அன்று போத்தல் எறிந்த அதே மனிதர்தான் என்று எனக்கு நெஞ்சு சற்று இளகியது.

பிறகு ஒரு பந்து. மற்றவற்றைவிட உயரமும் இல்லை, வேகமும் இல்லை. அவர் நின்ற இடத்திலேயே நின்று, முகத்துக்கு நேரே கையுறையை உயர்த்தி, அமைதியாகக் காத்திருந்தார். பந்து அவருக்கு வெகு பின்னால், சரளையில் போய் விழுந்தது. விழுந்த ஒலி கேட்டபிறகே திரும்பிப் பார்த்தார். மெல்லக் கையை நெற்றிக்குக் கொண்டுபோய்க் கண்ணுக்கு மறைப்புப் பிடித்து, வெயில் என்று பயிற்சியாளருக்குக் குரல் கொடுத்தார்.

வெளிக்கள வீரர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. பந்தைத் தவறவிட்டவர் வெயில் கண்ணில் பட்டதென்று சொன்னால், அதற்குமேல் எவரும் கேட்பதில்லை. அது எல்லோருக்கும் என்றோ ஒருநாள் நேர்வது. சொன்னவரின் மானம் அங்கே காக்கப்படும். பயிற்சியாளரும் கேட்கவில்லை. தலையசைத்துவிட்டு அடுத்த பந்தை அடித்தார். நான் மேலே பார்த்தேன். சாம்பல் நிற மேகம் எந்த இடத்திலும் கிழியவில்லை. திடலில் எவருக்கும் நிழல் இல்லை.

டிராமில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து வந்தோம். இரண்டு நிறுத்தங்கள் கழிந்தன.

"வெயில் எங்கங்க இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"மேகத்துக்குப் பின்னால." சிரிக்க முயன்றார். "அங்கதானே அது எப்பவும் நிக்கிறது."

நான் சிரிக்கவில்லை.

"பந்தைப் பாத்தீங்களா?"

"கண்டனான். வடிவாக் கண்டனான். என்ர கைக்குத்தான் வருகுது எண்டு நினைச்சனான்." கையுறையை மடியில் வைத்து அதன் நாடாவை இழுத்துக்கொண்டிருந்தார். "ட்ரைனரும் கண்டவர். அவர் வேறை நேரமெண்டா நல்லாப் பேசுவார். நீ என்ன குருடனோ எண்டு கேட்டிருப்பார். இண்டைக்கு ஒண்டுமே கேக்கேல்லை."

"அதுக்கு?"

"அதுதான் பயமாக் கிடக்கு."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுவே முதல்முறை. இதுவரை வீட்டில் நான் மட்டுமே அஞ்சிக்கொண்டிருந்தேன் என்று எண்ணியிருந்தேன். அவரும் அஞ்சுகிறார் என்று அறிந்ததில் எனக்கு ஆறுதல் கிடைத்திருக்கவேண்டும். கிடைக்கவில்லை. சாய்வதற்கு இருந்த ஒரு சுவரும் போய்விட்டதுபோல் இருந்தது.

வெள்ளிக்கிழமை நாங்கள் புறப்படும் நேரத்தில் மாமி தொலைபேசியில் அழைத்தார். அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"பிள்ளை, அவன் பக்கத்திலையோ?"

"கீழ போயிட்டாரு மாமி, சைக்கிள் எடுத்து வைக்க."

"நான் முந்தநாள் சொன்னது முழுக்கச் சரியில்லை. சப்பாத்துக் கதை உண்மை. அது ஒருநாள் நடந்தது. மற்றதெல்லாம்..." நிறுத்தினார். "ஞாயிற்றுக்கிழமை அவன் எனக்குப் போன் எடுத்தவன். நல்லாக் கதைச்சவன். வைச்சுப்போட்டுக் கொஞ்ச நேரத்தில திரும்ப எடுத்தான். என்னவோ சொல்ல மறந்துபோட்டானாக்கும் எண்டு நினைச்சன். முதல்லயிருந்து எல்லாத்தையும் அப்பிடியே கதைச்சான். அதே பகிடி. நானும் அதே இடத்தில சிரிச்சன்."

"அவர்கிட்ட சொல்லலையா?"

"எப்பிடிப் பிள்ளை சொல்லுறது? நான் சிரிச்சுக்கொண்டே இருந்தன்."

பிறகு அவர் அழுதார். கீழே மிதிவண்டிக் கொட்டிலின் கதவு மூடும் ஒலி கேட்டது. அழைப்பை முடித்துவிட்டேன்.

மருத்துவரின் அறையில் மறுசோதனையின் முடிவு திரையில் இருந்தது. அவர் எங்கள் இருவரையும் வரவேற்று, எண்கள் நன்றாக இருக்கின்றன என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். வீட்டில் எப்படி இருக்கிறார், நீங்கள் அறிந்த பழைய ஆளாகத்தான் இருக்கிறாரா என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். இயந்திரத்தின் பொத்தானும், வாசலில் அவர் கையில் இருந்த காலணியும், மாமி சிரித்த சிரிப்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. சொன்னால் அவருடைய தொழில் போகும். சொல்லாவிட்டால் நாளை அவர் அதே வேலியை நோக்கி ஓடுவார்.

நான் பேசுவதற்குள் என் கணவர் கையை உயர்த்தினார். மனைவி விடை சொல்லுமுன் தாம் ஒன்று சொல்லவேண்டும் என்று ஜெர்மனில் தொடங்கி, மாசியில் செய்ததை முழுதும் சொன்னார். சுருக்கவுமில்லை, காரணம் காட்டவுமில்லை. கடைசியில் முந்திய மாலை வெயில் இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

மருத்துவர் சினக்கவில்லை. இப்படிச் செய்கிறவர்கள் உண்டு என்றார். ஆனால் அவர்கள் வந்து சொல்வதில்லை என்றார். திரையை அணைத்தார். முன் அளவு பொய்யானபின் அந்த எண்களை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்வதற்கில்லை. இனி இவருடைய முன் அளவு என்று இருப்பது உங்கள் நினைவுதான் என்று என்னைப் பார்த்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார்.

முன்பு கேட்டதையே மறுபடி கேட்பாரா? திருமணத்துக்கு முன் எனக்கு எந்த இனிப்புப் பிடிக்கும் என்று இருமுறை கேட்டார். அதை நான் அன்பென்று எடுத்துக்கொண்டேன். பேசும்போது சொல் கிடைக்காமல் தடுமாறுவாரா? அவர் மூன்று மொழிகளில் வாழ்பவர். தமிழ்ச் சொல் வராத இடத்தில் எப்போதும் ஜெர்மன் சொல்லை வைத்து நிரப்புவார், நான் திருத்துவேன், எத்தனை முறை என்று எண்ணியதில்லை. வெறுமனே நின்றுவிடுவாரா? நின்றிருக்கலாம். நான் அப்போது வேறு வேலையாக இருந்திருப்பேன். ஒரே கூரையின்கீழ் ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறேன். அவர் உப்பு எவ்வளவு போடுவார் என்று தெரியும். எந்தப் பக்கம் திரும்பித் தூங்குவார் என்று தெரியும். மருத்துவர் கேட்டவற்றில் ஒன்றுக்குக்கூட என்னால் உறுதியாக விடை சொல்ல முடியவில்லை. பலவற்றுக்குத் தெரியாது என்றே சொன்னேன். அவ்வாறு சொல்லும் ஒவ்வொரு முறையும், என்னிடம் ஒப்படைக்கப்பட்ட ஒருவரை நான் தொலைத்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

வீட்டில் கண்ட மூன்றை மட்டும் சொன்னேன். மாமி சொன்னதை, கேட்டதாகச் சொன்னேன். அதைக் கேட்டபோது என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு தரமோ எடுத்தனான்?" என்று தமிழில் கேட்டார்.

"ஆமா."

"அம்மா சொல்லேல்லையே."

அந்தப் பருவம் முழுவதும் ஆடக்கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து மருத்துவமனை வாசலில் சற்று நின்றோம். "நான் சொல்லாட்டி நீர் சொல்லியிருப்பீரோ?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன்: தெரியலைங்க என்றேன். அவர் தலையசைத்தார். அன்று மாலை தாமே மாமிக்குத் தொலைபேசி, இனி இரண்டாம் தடவை எடுத்தால் சிரிக்கவேண்டாம், சொல்லிவிடுங்கள் என்றார். மாமி ஓம் என்றாராம். அவர் அந்தச் சொல்லைக் காப்பாற்றுவார் என்று நான் நம்பவில்லை.

அந்த இளைஞரே மீதி ஆட்டங்களிலும் நடுவெளியில் நின்றார். என் கணவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் போய்ப் பக்கவாட்டில் அமர்ந்திருந்தார். அந்த இளைஞருக்கு உரக்க வழிசொல்வதைக் கேட்டேன். பெயரைச் சொல்லியே கூப்பிட்டார். இலையுதிர்காலப் பேச்சில் அணி என் கணவருக்குச் சிறுவர் பயிற்சியை மட்டும் அடுத்த ஆண்டுக்குக் கொடுத்தது. ஆடுவதைப் பற்றி, வசந்தத்தில் புதிய சோதனை முடிந்த பிறகு பேசலாம் என்றார்கள். ஒப்புக்கொண்டு வந்தார். கேட்டதையே திரும்பக் கேட்பது இப்போது குறைந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நான் அஞ்சிக் கவனிப்பதால் அப்படித் தோன்றுகிறதா, உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்பதைச் சரிபார்க்க வழியில்லை. ஆகவே அதை உறுதி செய்யப்படாததாகவே கொள்ளவேண்டும்.

தெரியாமல் இருப்பவை இவை. வேலியில் மோதுவதற்கு முன் அவருடைய நினைவு எவ்வளவு கூர்மையாக இருந்தது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. அந்த வியாழக்கிழமைப் பந்தை அவர் தவறவிட்டது அடியினாலா, வேறெதனாலா என்பது தெரியாது. வெயில் இல்லை என்பதைக் கண்டுதான் பயிற்சியாளர் பேசாமல் இருந்தாரா என்பது தெரியாது. வசந்தத்துச் சோதனையில் உண்மையாக விடையளிப்பேன் என்று சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அவர் ஆடுவாரா என்பதும், ஆடினால் என்ன ஆகும் என்பதும் தெரியாது.